நாற்பதைத் தாண்டாத ஆதிகேசவன்

சாகப்போகிற மனிதர் இன்னும் பிறக்கவே இல்லை என்று அந்தப் பெண் சொன்னபோது, தமிழ்ச்செல்வனின் தொண்டைக்குள் போய்க்கொண்டிருந்த இட்லி மேலே வருவதா கீழே போவதா என்று தெரியாமல் நின்றது.

சித்தூர் காந்தி சிலைக்குப் பின்னால், தேடி வந்தவர்களுக்கு மட்டும் அகப்படாத ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது மோகனப்ரியாவின் துப்பறியும் அலுவலகம். தரைத்தளத்தில் செல்போன் உறை விற்கும் கடை. முதல் மாடியில் பவன்குமாரின் இன்சூரன்ஸ் ஏஜென்சி. அதற்கும் மேலே ஏறி வருகிறவர்கள் பெரும்பாலும் மூச்சு வாங்கிக்கொண்டு, பாதிப் பேர் அழுதுகொண்டு வருவார்கள். இந்தப் பெண் இரண்டையும் செய்யவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கதவைப் பார்த்துப் பார்த்துப் பேசினாள். அதுதான் தமிழ்ச்செல்வனுக்குப் பிடிக்கவில்லை. கதவைப் பார்த்துப் பேசுகிறவர்கள் பின்னால் யாரையாவது கூட்டிக்கொண்டு வருவார்கள் என்பது அவன் அனுபவம்.

தமிழ்ச்செல்வன் நாகலாபுரத்துக்காரன். மோகனப்ரியாவின் ஒரே உதவியாளன். வயது முப்பத்து நான்கு. தலைமுடி மட்டும் அவசரப்பட்டு முன்னாலேயே நரைத்துவிட்டது. பயம் வரும்போதெல்லாம் வேலையை விட்டுவிட்டு ஸ்ரீசிட்டி தொழிற்சாலைகளுக்கு ஓடுவான். ஓடும் பஸ்ஸிலிருந்தே வாட்ஸப்பில் ராஜினாமா அனுப்புவான். அங்கே நிஜமாகவே வேலை செய்யச் சொல்வதால் ஒரு வாரத்தில் திரும்பி வருவான். மோகனப்ரியா ஒன்றும் கேட்க மாட்டாள். ஒரு காலத்தில் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக இழவு வீடுகளுக்குப் போய், செத்தவர் உண்மையிலேயே செத்தாரா என்று விசாரித்து வந்தவள் அவள். அந்த வேலைக்குப் பிறகு எதைப் பார்த்தும் அவள் முகம் மாறியதில்லை.

வந்த பெண்ணின் பெயர் கௌசிகா. புத்தூர்க்காரி, திருப்பதியில் விடுதியில் தங்கி, விலைவாசி ஆராய்கிற ஒரு நிறுவனத்தில் ஒப்பந்த வேலை பார்க்கிறாள். மாதாமாதம் கடைகளுக்குப் போய் விலை கேட்டு வர வேண்டும். மற்றவர்களுக்குத் தக்காளி, துவரம்பருப்பு, முடிவெட்டும் கூலி என்று கண்ணுக்குத் தெரிகிற சாமான்கள் கிடைத்தன. கடைசியாகச் சேர்ந்தவள் என்பதால் அவள் தலையில் இன்சூரன்ஸைக் கட்டிவிட்டார்கள்.

"தக்காளின்னா எடை போட்டுக் கேக்கலாம் மேடம். இன்சூரன்ஸ்ல ஆளைச் சொன்னாத்தான் விலையே சொல்வாங்க. ஆள் மாறிட்டா விலையும் மாறிடும், அப்புறம் ஏறினது விலையா ஆளான்னு தெரியாது. அதனால ஒரே ஆளைத்தான் மாசாமாசம் எல்லா ஆபீசுக்கும் கூட்டிக்கினு போவணும்."

அந்த ஆளை அவளே தயாரித்திருந்தாள். பெயர் ஆதிகேசவன். சிறு கடைக்காரர். சிகரெட் கிடையாது, குடி கிடையாது, சர்க்கரை கிடையாது, ஒரே மனைவி. மனைவி பெயர் கேட்டார்கள் என்று தன் பெயரையே கொடுத்திருந்தாள். வேறு யாரைப் போய்க் கேட்பது.

"இவ்ளோ நல்லவன் உயிரோட இருந்து இன்னா பண்ணப் போறான்," என்றான் தமிழ்ச்செல்வன்.

கௌசிகா தொடர்ந்தாள். ஆதிகேசவனுக்கு வயது நாற்பது. நான்கு வருஷமாக நாற்பதுதான். ஒரு வயது ஏறினால் அதற்கே பிரீமியம் ஏறிவிடும். விலைவாசி ஏறியதாகத் தப்புக் கணக்கு வந்துவிடும். போன வருஷம் பாலிசிகளுக்கு வரியை எடுத்தபோது விலை இறங்கியதைக்கூட அவரை வைத்துத்தான் அவள் பிடித்தாள். எப்படிப்பட்டவர் என்று கண் முன்னால் நிறுத்திக்கொண்டால் கேட்கச் சுலபமாக இருக்கும் என்று சொல்லி, தமிழ்ச்செல்வனைக் காட்டினாள்.

"பாக்கறதுக்கு சார் மாதிரின்னு வெச்சுக்கோங்களேன். நாப்பது சொல்லலாம் இல்ல?"

மோகனப்ரியா சொல்லலாம் என்றாள். தமிழ்ச்செல்வன் இட்லியைப் பார்த்துக்கொண்டான்.

முந்தின நாள் கௌசிகாவின் செல்போனுக்கு ஒரு படம் வந்திருந்தது. பாலிசி ஒன்றின் முதல் பக்கம். ஆதிகேசவன் பெயரில் ஒரு கோடி, விபத்தில் இறந்தால் இரண்டு கோடி. பணம் சேர வேண்டியவர்: மனைவி கௌசிகா. அவள் விலை மட்டும் கேட்ட சரக்கை யாரோ நிஜமாகவே வாங்கியிருந்தார்கள். படத்தின் பின்னாலேயே ஒரு கரகரத்த குரல் கூப்பிட்டது. அம்மா, உங்க வீட்டுக்காரர் இந்த வாரம் ரோட்டுல காலமாயிடுவாரு, நீங்க அழுதுட்டு கையெழுத்துப் போட்டா போதும், பாதி உங்களுக்கு, போலீசுக்குப் போனா அடுத்த பாலிசி உங்க பேர்ல, என்று சொல்லிவிட்டு, அவள் தங்கியிருக்கும் விடுதியின் பெயரையும் அறை எண்ணையும் சொல்லி வைத்துவிட்டது.

"யாரோ ஒருத்தர் நிஜமா சாவப் போறாரு மேடம்," என்றாள் கௌசிகா. "நான் விலை கேட்டதால."

தமிழ்ச்செல்வன் எழுந்து போய்க் கதவைத் தாழிட்டுவிட்டு வந்தான்.

"இல்லாதவனைக் கொல்ல முடியாது," என்றாள் மோகனப்ரியா. "இவ்ளோ பெரிய பாலிசிக்கு ரத்தம் எடுப்பாங்க, போட்டோ பிடிப்பாங்க, கைரேகை வாங்குவாங்க. அதனால எவனோ ஒருத்தனைப் பிடிச்சு ஆதிகேசவன்னு காயிதம் பண்ணி வெச்சிருக்கான். அந்த ஆளுக்கு விஷயமே தெரியாது. எங்கயோ உக்காந்து நிம்மதியா இட்லி துன்னுக்கினு இருப்பான்."

தமிழ்ச்செல்வன் அந்த முகம் தெரியாத மனிதனுக்காக மனதார இரக்கப்பட்டபடி டப்பாவிலிருந்து கடைசி இட்லியை எடுத்தான். மூன்று அடுக்கு எவர்சில்வர் டப்பா. பவன்குமார் ஒரு தடவை கீழே இலவச மருத்துவ முகாம் நடத்தியபோது கொடுத்தது. ஊசி குத்தி ரத்தம் எடுத்ததற்கு இந்த அளவு டப்பா கிடைக்கும் என்றால் இன்னொரு கையையும் நீட்டத் தயாராக இருந்தான் அவன். மூடியில் தெலுங்கில் என்னவோ வெட்டியிருந்தது. இலவசப் பொருளில் எழுதியிருப்பதைப் படிக்கும் பழக்கம் அவனுக்கு இல்லை.

மோகனப்ரியா பாலிசிப் படத்தில் ஒரு இடத்தை விரலால் பெரிதாக்கினாள். பிறந்த தேதி, 27-8-1985. இதுவும் நீங்க குடுத்ததா என்று கேட்டாள்.

கௌசிகாவுக்குச் சற்று வெட்கமாக இருந்தது. ஆதிகேசவன் எப்போதும் நாற்பதாகவே இருக்க வேண்டுமென்றால் பிறந்த தேதியும் அவளோடு நகர வேண்டும். அதனால் எந்த நாளில் விலை கேட்கப் போகிறாளோ அந்த நாளில் அவருக்கு நாற்பது முடிவதாகச் சொல்லிவிடுவாள். போகிற இடமெல்லாம் அவருக்குப் பிறந்தநாள். ஒரு நாளைக்கு ஓர் அலுவலகம்தான்.

"அப்ப திருடினவன் தேதியை மட்டும் திருடல," என்றாள் மோகனப்ரியா. "தன் விலாசத்தையே எழுதிக் குடுத்திருக்கான். போன வருஷம் ஆகஸ்ட் இருபத்தேழு நீங்க எந்த ஆபீசுல நின்னீங்களோ, அவன் அங்கதான் உக்காந்திருந்தான்."

செல்போனில் பார்த்தார்கள். அந்த நாள் புதன்கிழமை. மாதத்தின் கடைசிப் புதன். கௌசிகா யோசிக்கவே இல்லை. இந்தத் தொழிலில் கிழமையும் கடையும் மாறவே கூடாது. கடைசிப் புதன் என்றால் திருப்பதி பைபாஸ் ரோட்டில் உள்ள அலுவலகம். அதன் மேலாளர் ரூபா. நான்கு வருஷமாக அப்படித்தான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வாள்.

தூக்கத்தில் சொல்கிற பதில்களை நம்பக்கூடாது என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

மூன்று பேரும் படி இறங்கினார்கள். முதல் மாடியில் பவன்குமார் வாசலில் நின்று அகர்பத்தி ஏற்றிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், தினமும் தமிழ்ச்செல்வனுக்கு டீ வாங்கித் தருபவர். ஒரே குறை, தினமும் ஒரு பாலிசி எடுக்கச் சொல்வார். நான் செத்தா எங்க வீட்டு மாடுகூட திரும்பிப் பாக்காதுண்ணா, எனக்கெதுக்கு பாலிசி என்று இவனும் தினமும் சொல்வான். இன்று அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எக்கட ரா, எங்க கிளம்பிட்டீங்க எல்லாரும் என்று கேட்டார். திருப்பதி என்றான் தமிழ்ச்செல்வன். சரிப்பா, வேளைக்குத் துன்னு, இளைச்சிடப் போற, என்று அவன் தோளைத் தட்டி அனுப்பினார். பின்னால் இறங்கிய கௌசிகா அவருக்குத் தெரிந்தவர்போலத் தலையசைத்தாள். அவளுக்கு எல்லா ஏஜென்சிக்காரர்களையும் தெரியும்.

திருப்பதி போகும் வழியெல்லாம் தமிழ்ச்செல்வன் மோகனப்ரியாவின் கார்க் கண்ணாடியில் பின்னால் வருகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டு வந்தான். மாம்பழ சீசன். பழக்கூழ் எடுக்கிற ஆலைகளுக்குப் போகிற லாரிகளும் டிராக்டர்களும் சாலையை விலைக்கு வாங்கியிருந்தன. ஒவ்வொரு லாரியும் தங்களையே பின்தொடர்வதாக அவனுக்குப் பட்டது. இவ்வளவு லாரிகளை ஒருவன் ஏற்பாடு செய்ய வேண்டுமென்றால் இரண்டு கோடி போதாது என்று கணக்குப் போட்டுத்தான் மனதைத் தேற்றிக்கொண்டான்.

பைபாஸ் ரோட்டு அலுவலகத்தில் ரூபா இல்லை. சாப்பிடப் போயிருக்கிறார், மூன்று மணிக்கு வருவார் என்றார்கள். கௌசிகாவைப் பார்த்ததும், இன்னிக்கும் அவருக்குப் பொறந்தநாளா என்று ஒரு பையன் சிரித்தான். எதிர்ச்சாரியில் டீக்கடை. அங்கே உட்கார்ந்ததும் கௌசிகாவின் செல்போன் அடித்தது. அவள் அதைக் காதில் வைக்கவில்லை, மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"திருப்பதியில சுத்திக்கினு கீறீங்களாமே," என்றது கரகரத்த குரல். "சீக்கிரம் ரூமுக்குப் போயி வெள்ளைச் சேலை எடுத்து வெச்சுக்கோம்மா. அவரு வாரக் கடைசி வரைக்கும் தாங்க மாட்டாரு. இன்னிக்கே போயிடுவாரு."

டீக்கடையில் வடைச் சட்டி கொதித்தது. தமிழ்ச்செல்வன் சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தான். தாங்கள் திருப்பதியில் இருப்பது எப்படித் தெரியும்? யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறான். எதிர்க் கடையில் தேங்காய் உடைக்கிறவனா? கைகாட்டி நிற்கிற ஆட்டோக்காரனா? மோகனப்ரியா மட்டும் தன் டீயிலிருந்து ஆடையை எடுத்துக் கீழே போட்டுவிட்டு, நாம இங்க வர்றது யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டாள்.

யாருக்கும் தெரியாது என்று தமிழ்ச்செல்வன் சத்தியம் செய்தான். அவன் பொய் சொல்லவில்லை. தினமும் டீ வாங்கித் தருகிற மனிதரை அவன் யாரோ என்று நினைத்ததே இல்லை.

பிறகு, சித்தூரில் அலுவலகம் பூட்டிக் கிடக்கிறது, யாராவது காவலுக்கு இருக்க வேண்டும் என்றான். மோகனப்ரியா அவனை ஒரு முறை பார்த்தாள். "போ. ராஜினாமா எழுதறதா இருந்தா சீட்டு கிடைச்சதும் எழுது, ஃபுட்போர்டுல தொங்கிக்கினு எழுதாத," என்றாள்.

பஸ்ஸில் சீட்டு கிடைத்தது. ராஜினாமா எழுத செல்போனை எடுத்தான். பாக்கிச் சம்பளம் எத்தனை நாளுக்கு என்ற இடத்தில் குழப்பம் வந்து தூங்கிப்போனான். விழித்தபோது சித்தூர் வந்திருந்தது.

பவன்குமார் கட்டடத்தின் வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். இவன் முகத்தைப் பார்த்ததும் ஏமைந்தி, இன்னா ஆச்சு என்று பதறினார். தமிழ்ச்செல்வன் பாதி சொன்னான். யாரோ ஒருவன் இன்று சாகப் போகிறான் என்றான். அவர் நெஞ்சில் கை வைத்து, பிள்ளையாரப்பா என்றார். பயம் போக ஒரே வழி இருக்கிறது, காணிப்பாக்கம் பிள்ளையார் கோவிலுக்குப் போய் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வரலாம், தானும் அங்கேதான் புறப்படுகிறேன் என்றார். பொய்ச் சத்தியம் செய்தவர்கள் அந்தச் சாமி முன்னால் நிற்க முடியாது என்பதால், அங்கே இருக்கிற கூட்டத்தில் கொலைகாரன் இருக்க வாய்ப்பு குறைவு என்று தமிழ்ச்செல்வனுக்குத் தோன்றியது. பிரசாதம் வாங்கலாம் என்று மேலே போய்க் காலி டப்பாவையும் எடுத்துக்கொண்டு வந்து காரில் ஏறினான்.

வழியில் பவன்குமார் தன் செல்போனில் சார்ஜ் இல்லை என்று இவனுடையதை வாங்கி ஏதோ தட்டினார். வீட்டுக்காரிக்கு ஒரு வார்த்தை, என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். பெரிய சாலையில் கூழ் ஆலை வாசலிலிருந்து மாங்காய் டிராக்டர்கள் கண்ணுக்கெட்டிய மட்டும் வரிசையில் நின்றன. அவர் வண்டியைத் தோப்புகளுக்குள் போகிற குறுக்குச் சாலையில் திருப்பினார்.

இரண்டு பக்கமும் மாமரங்கள். பறித்து முடித்த தோப்புகள், ஆளில்லை. வெயில்கூட உள்ளே வர யோசித்தது. ஓரிடத்தில் பவன்குமார் காரை நிறுத்தினார்.

"தமிழு, பின்னாடி டயர்ல காத்து கொறையற மாதிரி இருக்குது. இறங்கிப் பாரேன். ரோட்டுப் பக்கம்தான்."

தமிழ்ச்செல்வன் டப்பாவோடு இறங்கினான். டப்பா கையில் இருந்தால் அவனுக்கு ஒரு பிடிப்பு. டயரில் காற்று நன்றாகவே இருந்தது. குனிந்தவன் நிமிரும்போது வளைவில் ஒரு லாரி நிற்பதைப் பார்த்தான். மரத்தடியில், சரக்கு இல்லாமல், ஓட்டுநர் உள்ளே உட்கார்ந்தபடி. நின்றுகொண்டிருந்த லாரியின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

செல்போன் அடித்தது. மோகனப்ரியா.

"வேலைய விட்டுட்டியா?"

"இல்லையே மேடம்."

"உன் நம்பர்லேர்ந்து மெசேஜ் வந்துது. வேலையை விட்டுவிட்டேன், ஊருக்குப் போகிறேன், தேட வேண்டாம்னு. பாக்கிச் சம்பளம் கேக்காம நீ ராஜினாமா பண்ணதே இல்ல தமிழு. அதனால எழுதினது நீ இல்ல. பேசாம கேளு. யாரோட கீற?"

"பவன் அண்ணாவோட. காணிப்பாக்கம் குறுக்கு ரோட்டுல, மாந்தோப்புல. டயர் பாத்துக்கினு கீறேன்."

மறுமுனையில் எதற்கும் மாறாத குரல் கொஞ்சம் மாறியது.

"டப்பா கையில கீதா? மூடியப் பாரு. இன்னா தேதி வெட்டியிருக்குது?"

தமிழ்ச்செல்வன் பார்த்தான். தெலுங்கு எழுத்துகளுக்குக் கீழே எண்கள் தெளிவாகத்தான் இருந்தன. தினமும் அவற்றின்மேல் சட்னி வைத்துத் தின்றிருக்கிறான். 27-8-2025.

அவள் வேகமாகச் சொன்னாள். ரூபா வந்துவிட்டார். அந்தப் புதன்கிழமை விநாயக சவிதி, அதாவது பிள்ளையார் சதுர்த்தி; வருஷத்துக்கு வருஷம் தேதி மாறுகிற பண்டிகை என்பதால் யாருக்கும் நினைவில்லை. திருப்பதி அலுவலகம் பூட்டியிருந்தது. குறித்த கடை பூட்டியிருந்தால் மாற்றுக் கடைக்குப் போய் விலை கேட்டு, முதல் கடையின் பெயரிலேயே எழுதிக்கொள்வது கௌசிகாவின் தொழில் வழக்கம். எழுதியதையே அவளும் நடந்ததாக நம்பிவிட்டாள். மாற்றுக் கடை, சித்தூர் காந்தி சிலைக்குப் பின்னால், முதல் மாடி. பண்டிகை நாளிலும் அது திறந்திருந்தது, ஏனென்றால் அன்று அங்கே இலவச மருத்துவ முகாம்.

ரத்தம் எடுத்தார்கள். போட்டோ பிடித்தார்கள். டப்பா கொடுத்ததற்கு அத்தாட்சி என்று ஒரு கருவியில் விரல் வைக்கச் சொன்னார்கள். தமிழ்ச்செல்வன் பத்து விரலையும் வைத்துவிட்டு வந்திருந்தான். காலையில் இட்லி தின்றுகொண்டிருந்த மனிதன் யார் என்று அவனுக்கு இப்போது புரிந்தது.

வளைவில் லாரி கியர் மாற்றிய சத்தம் கேட்டது. கார்க் கண்ணாடியில் பவன்குமாரின் கண்கள் இவனையே பார்த்தன. ஜன்னல் வழியாக அவர் கை வெளியே வந்து, மெதுவாக, யாருக்கோ ஜாடை காட்டுவதற்காக உயர்ந்தது.

"அழாத. நான் சொல்றதை அப்படியே சத்தமா அவங்கிட்ட சொல்லு," என்றாள் மோகனப்ரியா.

தமிழ்ச்செல்வன் கார் ஜன்னல் பக்கம் திரும்பினான். அவள் சொல்லச் சொல்லக் கத்தினான்.

"அண்ணா, மேடம் சொல்றாங்க. ஆதிகேசவன் பாலிசி ரத்தாயிடுச்சாம். கௌசிகாம்மா ஆபீசுல நேர்ல உக்காந்து எழுதிக் குடுத்துட்டாங்களாம். இனிமே நான் செத்தா, எங்க வீட்டு மாடுகூட திரும்பிப் பாக்காதாம்."

உயர்ந்த கை அங்கேயே நின்றது.

லாரி நகர்ந்து வந்தது. தமிழ்ச்செல்வன் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காரின் பக்கவாட்டில் ஒட்டினான். ஓட முடியும் என்று கால்களுக்குச் சொல்லிப் பார்த்தான். அவை அவனுடைய கால்கள் மாதிரியே தெரியவில்லை. பவன்குமார் யோசித்தது அவர் பின்மண்டையில் தெரிந்தது. பெரிய மனது படைத்தவர்தான், ஆனால் கமிஷன் வராத வேலை எதையும் அவர் வாழ்க்கையில் செய்ததில்லை. உயர்ந்த கை இரண்டு முறை குறுக்கே அசைந்தது. லாரி இவன் சட்டையில் புழுதியை அப்பிவிட்டு, ஒரு சாதாரண லாரி போல, தாண்டிப் போனது. தாண்டும்போது ஓட்டுநர் ஜன்னல் வழியாகப் பவன்குமாரைப் பார்த்து, இன்னாண்ணா வேணாமா என்று கேட்டான். அதே கரகரத்த குரல்.

பவன்குமார் காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். ஊரில் எல்லாச் சாமானும் விலை ஏறுகிற காலத்தில், இரண்டு கோடியிலிருந்து ஒரே நிமிஷத்தில் ஒன்றுமில்லாமல் விழுந்த ஒரே சரக்கு அந்தத் தோப்பு நிழலில் டப்பாவோடு உட்கார்ந்து, யாரும் பார்க்காததால், நிதானமாக அழுதது.

பவன்குமாரைப் பிடிக்க யாரும் பெரிதாகத் துரத்த வேண்டியிருக்கவில்லை. அவர் பெரிய சாலைக்குத் திரும்பி மாங்காய் டிராக்டர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டார். விலை கட்டுப்படியாகாமல் காலையிலிருந்து வரிசையில் நிற்கும் விவசாயிகள் ஒரு ஹாரனுக்காக வழிவிடுகிற மனநிலையில் இல்லை. திருப்பதியிலிருந்து வருகிற வழியிலேயே மோகனப்ரியா தகவல் சொல்லியிருந்ததால் காணிப்பாக்கத்துப் போலீஸ் ஜீப் அங்கே வந்து சேர்ந்தது. லாரியும் அதே வரிசையில் நாலு வண்டி முன்னால் நின்றுகொண்டிருந்தது.

அதற்குப் பிறகுதான் அவள் கார் குறுக்குச் சாலையில் வந்தது. கௌசிகா பின்சீட்டில் இருந்தாள். தமிழ்ச்செல்வன் எழுந்து, முதலில் சாலையின் இரண்டு பக்கமும் பார்த்து, மூன்றாவதாக மரத்தின் மேலேயும் பார்த்துவிட்டு வந்து ஏறினான். நடுவில் உட்கார்ந்தான். பெல்ட் போட்டுக்கொண்டான். மெதுவாகப் போகச் சொன்னான். கொஞ்ச தூரம் போனதும் ஒரு சந்தேகம் வந்தது.

"பாலிசி ரத்தாயிடுச்சு இல்ல மேடம்?"

"எழுதிக் குடுத்திருக்கோம்," என்றாள் மோகனப்ரியா. "நாளைக்குக் காலைல கம்பெனியோட பெரிய ஆபீஸ் தொறந்தாத்தான் ரத்தாவும்."

"அப்ப நான் டயருகிட்ட நின்னுக்கினு இருந்தப்ப?"

"அமுல்ல இருந்துச்சு."

தமிழ்ச்செல்வன் பெல்ட்டை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தான். எதிரே ஒரு லாரி வந்து, தாண்டி, போனது.

கௌசிகா தயங்கித் தயங்கிப் பேசினாள். அவளுக்கு இந்த மாதக் கணக்கு முடிய இன்னும் சில நாள்தான் இருந்தது. ஆதிகேசவனை இனிமேல் எங்கேயும் கூட்டிக்கொண்டு போக முடியாது. வேறு ஒரு ஆளைப் பிறப்பிக்க வேண்டும். சிகரெட் பிடிக்காதவராக, குடிக்காதவராக, நாற்பது வயதில். அவள் கண் தன்னை அறியாமல் பக்கத்தில் திரும்பியது.

"எவனை வேணா போட்டுக்கோம்மா," என்றான் தமிழ்ச்செல்வன். "வருஷத்துக்கு ஒரு வயசு ஏத்து அவனுக்கு."

"ஏத்தினா கணக்கு தப்பாயிடும் சார்."

"தப்பாவட்டும்," என்று டப்பாவின் மூடியைத் திருப்பி, தேதி உள்பக்கம் போகும்படி மூடினான் அவன். "எனக்கு நாப்பத்தொண்ணு ஆவணும்."